ஸ்டைன்பெக்கின் கணக்குப் புத்தகம்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலை எழுத உட்கார்ந்தது 1938 மே மாதக் கடைசியில். முடித்து எழுந்தது அக்டோபர் 26 அன்று. நடுவில் வேலை செய்த நாட்கள் சுமார் நூறு, எழுதிய சொற்கள் சுமார் இரண்டு லட்சம். கேட்டதும் ‘சாமி வந்து எழுதியிருக்கிறார்’ என்று சொல்லத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து மாதமும் அவர் நாவலோடு கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். ராபர்ட் டிமாட் பதிப்பித்து, ‘வொர்க்கிங் டேஸ்’ என்ற பெயரில் 1989-இல் அது புத்தகமாக வந்தது. அதைப் புரட்டினால் சாமியும் இல்லை, ஆட்டமும் இல்லை. இன்று எத்தனையாவது நாள், எந்தக் காட்சி, நேற்று ஏன் வேலை ஓடவில்லை, யார் வந்து பொழுதைக் கெடுத்தார்கள் என்று மளிகைக் கடைப் பேரேடு போல நீள்கிறது.

இந்தப் பேரேட்டிலிருந்து அவர் வாழ்க்கையைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஸ்டைன்பெக் தனியாக உட்கார்ந்து சாதித்தவர் அல்ல. சரக்கு கொண்டுவந்து கொடுக்க ஒருவர், எழுதியதைத் தட்டச்சு செய்து திருத்த ஒருவர், கூடப் பேசிச் சண்டை போட ஒருவர் என்று சுற்றி ஆட்கள் இருந்தவரை அவர் எழுத்து இறுக்கமாக இருந்தது. அவர்கள் ஒவ்வொருவராக விலக விலக எழுத்தும் தளர்ந்தது. ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். அவர் பின்னாளில் எழுதிய ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலின் ரசிகர்கள் நிச்சயம் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறந்தது 1902 பிப்ரவரி 27, கலிஃபோர்னியாவின் சலினாஸில். லெட்டூஸ் கீரையும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கும் விளையும் பள்ளத்தாக்கு அது. அம்மா ஆலிவ் ஹாமில்டன் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அப்பா மான்டெரி கவுண்டியின் பொருளாளர். அப்பா அலுவலகத்துக் கணக்குப் புத்தகங்களில் மிஞ்சிய பக்கங்களில்தான் மகன் ஆரம்ப நாவல்களை எழுதினார். காகிதம் வாங்கக்கூடக் கணக்குப் பார்த்த காலம். 1919 முதல் 1925 வரை ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்தும் விலகியும் படித்து, கடைசியில் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். இடையிடையே பண்ணைகளில் கூலி வேலை. பிறகு நியூயார்க்குக்குப் போய் மேடிசன் ஸ்குவேர் கார்டன் கட்டடத்தில் சிமெண்டுச் சட்டி சுமந்தார், ஒரு நாளிதழில் நிருபராக ஒட்டிப் பார்த்தார். இரண்டும் நிலைக்கவில்லை. ஊர் திரும்பி, டாஹோ ஏரிக்கரையில் ஒரு மாளிகையின் காவலாளாகப் பனிக்காலங்களைக் கழித்தபடி முதல் நாவலை முடித்தார். கடற்கொள்ளைக்காரன் ஹென்றி மார்கனைப் பற்றிய ‘கப் ஆஃப் கோல்டு’, 1929-இல் வெளிவந்தது. இன்று அதை ஆய்வாளர்களைத் தவிர யாரும் தொடுவதில்லை. தொடாவிட்டால் நஷ்டமும் இல்லை.

1930-இல் கேரல் ஹென்னிங்கை மணந்தார். பசிஃபிக் குரோவில் அப்பாவின் சிறு வீட்டில் வாடகையில்லாமல் குடித்தனம், மாதம் 25 டாலர் அப்பாவின் உதவி. அதே ஆண்டு எட் ரிக்கெட்ஸின் நட்பு கிடைத்தது. கடல் உயிரினங்களைப் பிடித்துப் பதப்படுத்திப் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு விற்றுவந்த உயிரியலாளர் அவர். ஓர் உயிரைத் தனியாகப் பார்க்காதே, அது எந்தக் கூட்டத்தோடு எந்தச் சூழலில் வாழ்கிறது என்று பார் என்ற ரிக்கெட்ஸின் பாடம் பின்னாளில் ஸ்டைன்பெக்கின் நாவல்களில் மனிதர்களுக்குப் பொருந்தியது. 1931-இல் மெக்கின்டாஷ் அண்ட் ஓடிஸ் என்ற முகவர் நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. அதன் எலிசபெத் ஓடிஸ் கடைசிவரை அவர் முகவராக இருந்தார். ஆனால் அது பொருளாதார மந்தக் காலம். புத்தகத்தை ஏற்ற பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திவாலாயின. சிகாகோ புத்தகக் கடைக்காரர் பென் ஆப்ரம்சன் சொல்லித்தான் பாஸ்கல் கோவிச்சி என்ற பதிப்பாளர் அவரைப் படித்தார். கோவிச்சி 1935-இல் போட்ட ‘டோர்ட்டியா ஃப்ளாட்’ விற்பனையில் தூக்கி நிறுத்தியது. மகன் எழுத்தாளனாகித் தலையெடுத்ததை அம்மா பார்க்கவில்லை. 1934-லேயே இறந்துவிட்டார். புத்தகம் வந்த அதே மே மாதம் அப்பாவும் போய்விட்டார்.

அடுத்து ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. 1936-இல் பாதி எழுதியிருந்தபோது வீட்டு நாய்க்குட்டி டோபி கையெழுத்துப் பிரதியைக் கடித்துக் குதறிவிட்டது. இரண்டு மாத உழைப்பு போயிற்று, வேறு பிரதி கிடையாது. நாய் விமர்சனம் செய்திருக்கலாம் என்று ஓடிஸுக்குக் கடிதம் எழுதிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தக் குறுநாவலின் கட்டுமானத்தைக் கவனிக்க வேண்டும். மொத்தம் ஆறு அத்தியாயம், இடங்கள் நான்கே: ஆற்றங்கரை, கூலியாட்களின் கொட்டகை, குதிரைச் சாமான் அறை, வைக்கோல் கொட்டில். கதை தொடங்குவதும் முடிவதும் ஆற்றங்கரையில். வியாழன் மாலை ஆரம்பித்து ஞாயிறு மாலைக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இடத்தை விவரித்துவிட்டு ஆட்களை உள்ளே விடுகிறார், பிறகு பேச்சுதான். ஒருவன் மனதுக்குள் என்ன நினைத்தான் என்று ஆசிரியர் வந்து சொல்வது அநேகமாக இல்லை. அப்படியே மேடையில் ஏற்றலாம் என்ற எண்ணத்தோடு எழுதியது. 1937 நவம்பரில் ஜார்ஜ் காஃப்மன் இயக்கத்தில் பிராட்வேயில் ஏறவும் ஏறியது.

இப்போது பெரிய நாவலுக்கு வருவோம். அந்த நூறு நாளுக்குப் பின்னால் இரண்டு ஆண்டுச் சேகரிப்பு இருக்கிறது. 1936-இல் ‘சான் ஃபிரான்சிஸ்கோ நியூஸ்’ நாளிதழ், ஓக்லஹோமா போன்ற மாநிலங்களில் நிலம் இழந்து, பிழைப்புத் தேடிக் கலிஃபோர்னியாவில் வந்து குவிந்த விவசாயக் கூலிகளைப் பற்றி எழுதச் சொன்னது. பழைய ரொட்டிக்கடை வண்டி ஒன்றில் படுக்கையும் சாமானும் போட்டுக்கொண்டு பள்ளத்தாக்குகளைச் சுற்றினார். அக்டோபரில் ஏழு கட்டுரைகள் வந்தன. ஆர்வினில் அரசு நடத்திய முகாமின் மேலாளர் டாம் காலின்ஸ் அப்போதுதான் அறிமுகமானார். காலின்ஸ் வாராவாரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புபவர். சாதாரண அரசாங்க அறிக்கை அல்ல. எத்தனை குடும்பம், என்ன வேலை, என்ன கூலி என்பதோடு அவர்கள் பாடிய பாட்டு, பேசிய கொச்சை, போட்ட சண்டை, கழிப்பறைத் தண்ணீரைக் கண்டு மிரண்ட கதை எல்லாம் அதில் இருக்கும். நாவலின் வீட்பேட்ச் முகாம் அத்தியாயங்களின் சதை இந்தக் காகிதங்களிலிருந்து வந்தது. நாவலின் சமர்ப்பணத்தில் கேரலோடு சேர்ந்து டாமின் பெயரும் இருப்பது சும்மா இல்லை.

ஓக்லஹோமாவிலிருந்து அகதிகளோடு சேர்ந்து பயணம் செய்து எழுதினார் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது கட்டுக்கதை. 1937-இல் மனைவியோடு சொந்தக் காரில் 66-ஆம் நெடுஞ்சாலை வழியே ஊர் திரும்பினார், அவ்வளவுதான். நாவலிலும் இதன் தடம் தெரிகிறது. கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்கப் போகும் ஜோட் குடும்பத்தைப் பற்றியது கதை. அவர்கள் ஊரான சாலிசா ஓக்லஹோமாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. புழுதிப் புயல் நிலத்தை அழித்தது மாநிலத்தின் மேற்குக் கோடியில். அந்த ஊர்க்காரர்கள் புத்தகம் வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள், அது நியாயமும்தான். கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தபின் வரும் பக்கங்களில் இப்படிப்பட்ட சறுக்கலைக் கண்டுபிடிப்பது சிரமம். அந்த மண்ணை அவர் காலால் அளந்தவர்.

1938 பிப்ரவரி, மார்ச்சில் விசேலியா வட்டாரத்தில் வெள்ளம். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேற்றில் பட்டினி கிடந்தன. ‘லைஃப்’ இதழின் புகைப்படக்காரர் ஹாரஸ் பிரிஸ்டலுடன் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்த கோபத்தில், சலினாஸ் லெட்டூஸ் முதலாளிகளைக் கிழித்து அறுபது எழுபதாயிரம் சொற்களில் ஒரு நையாண்டி நாவல் எழுதினார். மே மாதம் எழுதி முடித்து, படித்துப் பார்த்து, அழித்துவிட்டார். இது நேர்மையான புத்தகம் இல்லை, அப்பா இருந்திருந்தால் அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்லியிருப்பார் என்று ஓடிஸுக்கும் கோவிச்சிக்கும் எழுதினார். எதிரியைக் கார்ட்டூனாக வரைந்தால் வாசகன் சிரித்துவிட்டுப் போய்விடுவான், பட்டினி கிடந்தவன் முகம் மனதில் நிற்காது. கோபம் தீர எழுதியது குப்பைக்குப் போனதால்தான் அடுத்த புத்தகம் கோபத்தை அடக்கி எழுத முடிந்தது. சில வாரங்களில் அதைத் தொடங்கிவிட்டார்.

இடம் லாஸ் கேட்டோஸ் வீட்டின் ஒரு குட்டி அறை. அகல நீளம் எட்டடிக்கு எட்டடிதான். நாள் கணக்கு இரண்டாயிரம் சொல், வாரத்துக்கு ஐந்து நாள். காலையில் முதலில் நாட்குறிப்பு. அது கைக்குச் சூடேற்ற. அன்றைக்கு யாரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று அதிலேயே தனக்கு உத்தரவு போட்டுக்கொள்வார். பிறகு பெரிய கோடு போட்ட கணக்கேட்டில் எறும்பு எழுத்தில் நாவல். இரண்டு லட்சம் சொற்களும் 165 பக்கத்தில் அடங்கிவிட்டன என்றால் பக்கத்துக்கு ஆயிரத்து இருநூறு சொல் ஆகிறது. அந்தக் கையெழுத்தை உலகத்தில் ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர் கேரல் ஒருவர்தான். அவர் தட்டச்சு செய்தபோது 751 பக்கம் வந்தது. வெறும் தட்டச்சு அல்ல, எழுத்துப்பிழை, நிறுத்தற்குறி, தொய்ந்த வாக்கியம் எல்லாவற்றிலும் கேரலின் கை பட்டது. நாவலுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. அமெரிக்கத் தேசபக்திப் பாடலான ‘குடியரசின் போர்ப் பாடல்’ வரிகளிலிருந்து செப்டம்பரில் அந்தப் பெயரைப் பிடித்தார்.

இனி அந்த ஐந்து மாதத்தில் கெட்டுப்போனவை. பக்கத்தில் வீடு கட்டும் சுத்தியல் சத்தம். வீட்டிலேயே துணி துவைக்கும் இயந்திரத்தின் சத்தம். ஜூலையில் கேரலுக்குத் தொண்டைச் சதை அறுவை. கோவிச்சியின் பதிப்பகம் திவால். கோவிச்சி வைக்கிங் பதிப்பகத்துக்கு மாறினார், ஸ்டைன்பெக்கும் கூடவே போனார். விருந்தாளிகள் தொல்லை, அதில் சார்லி சாப்ளினும் உண்டு. இதற்கு நடுவில் மலைமேல் ஒரு பண்ணை வாங்கும் பேரம் வேறு. ஆகஸ்டில் நாட்குறிப்பு புலம்பலாகவே மாறிவிடுகிறது. நான் எழுத்தாளனே அல்ல, என்னையும் ஊரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்கிற அளவுக்குப் போகிறார். புலம்பிவிட்டு அன்றைய பங்கை எழுதுகிறார். புலம்பிய நாளில் எழுதிய பக்கம் எது, உற்சாகமாக இருந்த நாளில் எழுதியது எது என்று நாவலை வைத்துக்கொண்டு பிரித்துப் பாருங்கள், முடியாது. மனநிலைக்கும் சரக்கின் தரத்துக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

வேகம் சாத்தியமானதற்கு இன்னொரு காரணம், முழுக் கட்டடமும் முன்பே மனதில் எழும்பியிருந்தது. முப்பது அத்தியாயத்தில் ஜோட் குடும்பத்தின் கதை வருவது பதினான்கில்தான். மீதிப் பதினாறு பொது அத்தியாயங்கள். வறட்சி, டிராக்டர், பழைய கார் விற்பவனின் தந்திரம், நெடுஞ்சாலை, அழுகவிடப்பட்ட ஆரஞ்சு. அவற்றில் பெயருள்ள ஆள் அரிது. கதை அவசரத்தில் இவற்றைத் தாண்டிப் போகிற வாசகர்கள் உண்டு. தாண்டினால் மிஞ்சுவது ஒரு குடும்பத்தின் கஷ்ட ஜீவனம் மட்டுமே.

உதாரணத்துக்கு மூன்றாம் அத்தியாயம். ஓர் ஆமை சாலையைக் கடக்கிறது. ஒரு காட்டு ஓட்ஸ் கதிர் அதன் ஓட்டுக்கும் காலுக்கும் நடுவே சிக்கிக்கொள்கிறது. காரில் வரும் ஒரு பெண் வண்டியைத் திருப்பி ஆமையைத் தப்பவிடுகிறாள். அடுத்து லாரியில் வருகிறவன் வேண்டுமென்றே திருப்பி மோதுகிறான். ஆமை மல்லாந்து விழுகிறது. நெடுநேரம் கால் உதைத்துப் புரண்டு நிமிரும்போது கதிர் விழுந்து மூன்று விதைகள் மண்ணில் குத்தி நிற்கின்றன. ஆமை நகர, அதன் ஓடு விதைகள்மேல் மண்ணை இழுத்து மூடிவிடுகிறது. மூன்று பக்கம், அறிவுரை ஒரு சொல் இல்லை. ரிக்கெட்ஸோடு கடற்கரைப் பாறைகளில் குனிந்து உயிர்களைப் பார்த்த கண் இது. நாவலின் மொத்தக் கதையும் இதில் இருக்கிறது என்பது முடித்தபிறகுதான் உறைக்கும்.

பதினாறாம் அத்தியாயத்தில் ஜோட் குடும்பத்தோடு வழியில் சேர்ந்துகொள்ளும் வில்சன் தம்பதியின் 1925 மாடல் டாட்ஜ் வண்டியில் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்து சத்தம் போடுகிறது. ஜோட் சகோதரர்கள் டாமும் அல்லும் ஆயில் பானைக் கழற்றி, பழைய இரும்புக் கடையில் அதே மாடலின் ராடைத் தேடிப் பிடித்து, ராத்திரி டார்ச் வெளிச்சத்தில் மாட்டுகிறார்கள். பிஸ்டனை உள்ளே ஏற்ற ரிங்குகளை அமுக்க வேண்டும், கருவி கிடையாது. மெல்லிய பித்தளைக் கம்பியைச் சுற்றி அமுக்கி ஏற்றுகிறார்கள். மெக்கானிக்குகள் படித்தாலும் குறை சொல்ல முடியாத பக்கங்கள். வண்டி நின்றால் குடும்பம் நடுத்தெருவில் என்பதை ஆசிரியர் வாய் திறந்து சொல்லவே வேண்டியதில்லை.

பதிப்பகத்துக்குக் கடைசிக் காட்சி பிடிக்கவில்லை. இறந்த குழந்தையைப் பெற்ற ஜோட் குடும்பத்துப் பெண் ரோஸ் ஆஃப் ஷாரன், பட்டினியில் சாகக் கிடக்கும் முன்பின் தெரியாத ஆணுக்குப் பால் கொடுக்கும் காட்சி. மாற்றச் சொன்னார்கள். 1939 ஜனவரியில் முடியாது என்று எழுதிவிட்டார். அவன் தெரியாத ஆளாக இருப்பதுதான் விஷயமே என்பது அவர் வாதம். கெட்ட வார்த்தைகளில் சிலவற்றை மட்டும் ஓடிஸ் நேரில் வந்து உட்கார்ந்து மாற்ற வைத்தார். ஏப்ரல் 14 அன்று 2 டாலர் 75 சென்ட் விலையில் புத்தகம் வந்தது. முதல் ஆண்டிலேயே நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது. ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுண்டி நிர்வாகக் குழு, நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் நூலகங்களிலும் பள்ளிகளிலும் தடை போட்டது. நூலகர் கிரெச்சன் நீஃப் எதிர்த்துக் கடிதம் எழுதியும் பலனில்லை, 1941-இல்தான் தடை நீங்கியது. 1940-இல் புலிட்சர் கிடைத்தது. பரிசுப் பணம் ஆயிரம் டாலரை, நாவல் எழுதத் திணறிக்கொண்டிருந்த நண்பர் ரிச்சி லவ்ஜாயிடம் அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

இந்த வெற்றிக்கு இன்னொருவர் விலை கொடுத்தார். சனோரா பேப், ஓக்லஹோமாவிலேயே பிறந்தவர், காலின்ஸின் முகாம்களில் வேலை செய்தவர். அவரும் இதே மக்களைப் பற்றி நாவல் எழுதி ரேண்டம் ஹவுஸிடம் கொடுத்திருந்தார். ஸ்டைன்பெக் புத்தகம் வந்து சந்தையை அள்ளிக்கொண்டதும் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். ‘ஹூஸ் நேம்ஸ் ஆர் அன்னோன்’ 2004-இல்தான் அச்சேறியது, பேப் இறப்பதற்கு ஓராண்டு முன்னால். பேப் எடுத்த குறிப்புகள் காலின்ஸ் மூலம் ஸ்டைன்பெக்கிடம் போயின என்கிறார்கள். திருட்டு என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை. ஆனால் சமர்ப்பணத்தில் வராத உழைப்பும் அந்த நாவலுக்குள் இருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

1940 மார்ச்சில் ‘வெஸ்டர்ன் ஃப்ளையர்’ என்ற 76 அடி மீன்பிடிப் படகில் ரிக்கெட்ஸோடு கலிஃபோர்னியா வளைகுடாவுக்குப் போனார். ஆறு வாரம். கேரலும் படகில் இருந்தார். அடுத்த ஆண்டு வந்த ‘சீ ஆஃப் கோர்ட்டெஸ்’ புத்தகத்தில் கேரல் இல்லவே இல்லை, படகில் ஒரு பெண் இருந்த அடையாளமே கிடையாது. கல்யாணம் முறிந்துகொண்டிருந்தது. 1943-இல் விவாகரத்து, உடனே க்வின் காங்கரோடு இரண்டாம் மணம். அதுவும் 1948-இல் முறிந்தது. அதே ஆண்டு மே மாதம் ரிக்கெட்ஸின் காரில் ரயில் மோதி அவரும் போனார். ‘கேனரி ரோ’ நாவலின் டாக் என்ற பாத்திரம் ரிக்கெட்ஸ்தான். அப்படி ஒரு பாத்திரம் அதன்பிறகு ஸ்டைன்பெக்குக்கு அமையவில்லை.

‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ 1951 முழுக்க எழுதியது. பிப்ரவரி வாக்கில் தொடங்கி நவம்பர் 1-இல் முதல் வரைவு முடிந்தது. கோவிச்சி கொடுத்த பெரிய நோட்டு, இடது பக்கத்தில் கோவிச்சிக்கு அன்றைய கடிதம், வலது பக்கத்தில் நாவல். இம்முறை பென்சில். ஆறு பட்டைப் பென்சில் நாள் முழுக்கப் பிடித்தால் விரலை அறுக்கும், அதனால் உருண்டைப் பென்சில்தான் வேண்டும் என்பார். மென்மையாக ஓடும் நாளுக்கு பிளாக்விங், அழுத்தம் கேட்கும் நாளுக்கு வேறு. அழிப்பான் மாட்டிய உலோக வளையம் கையில் உரசும் அளவுக்குத் தேய்ந்ததும் அந்தப் பென்சிலுக்கு ஓய்வு, அது மகன்கள் பக்கம் போகும். இந்த இடது பக்கக் கடிதங்கள் 1969-இல் தனிப் புத்தகமாக வந்தன. சில நாட்களில் வலது பக்கத்தைவிட இடது பக்கம் நன்றாக இருக்கிறது என்பேன். கதைக்கு வெளியே நின்று பிரசங்கம் செய்யும் பழக்கம், முன்பு கேரல் வெட்டித் தள்ளியிருக்கக்கூடியது, இந்த நாவலில் தாராளமாக உலவுகிறது. கேத்தி பாத்திரம் பிறவிப் பேய் என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. சாமுவேல் ஹாமில்டன் வரும் பக்கங்கள் மட்டும் அம்மா வழித் தாத்தாவின் பேரில் எழுதியவை, அவற்றுக்கு ஈடில்லை.

1960 செப்டம்பரில் நாயோடு, படுக்கை வசதி செய்த பிக்கப் லாரியில் அமெரிக்காவைச் சுற்றியதை ‘டிராவல்ஸ் வித் சார்லி’யில் எழுதினார். அதில் வரும் தனிமை முழு உண்மையல்ல. மூன்றாம் மனைவி எலைன் வழியில் பல நாள் கூட இருந்தார், தங்கியதும் பெரும்பாலும் ஓட்டல்களில். பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010-இல் அதே பாதையில் போய் இதை அம்பலப்படுத்தியபின், ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையே இதை நாவல் போல வாசிக்கச் சொன்னது. பயண நூல் என்று நம்பி எடுக்க வேண்டாம்.

1962-இல் நோபல். தகுதி உண்டா என்று நிருபர்கள் கேட்டபோது இல்லை என்றார். ஐம்பது ஆண்டு கழித்துத் திறந்த ஆவணங்களில், இறுதிப் பட்டியலில் இருந்த ராபர்ட் கிரேவ்ஸ், லாரன்ஸ் டரல், ழான் அனூய், கேரன் பிளிக்சன் யார்மீதும் குழுவுக்குப் பெரிய உற்சாகம் இல்லை என்பது தெரியவந்தது. பிளிக்சன் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே இறந்துவிட்டிருந்தார். அதன்பிறகு ஸ்டைன்பெக் ஒரு நாவல்கூட வெளியிடவில்லை. 1968 டிசம்பர் 20 அன்று நியூயார்க்கில் இறந்தார். சாம்பல் சலினாஸில் ஹாமில்டன் குடும்ப இடத்தில் இருக்கிறது.

புதிதாகப் படிக்கிறவர்கள் ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’னில் தொடங்கலாம், ஒரே மாலையில் முடியும். பிறகு ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’, பொது அத்தியாயங்களைத் தாண்டாமல். இரண்டாம் முறை வாசிக்கும்போது ‘வொர்க்கிங் டேஸ்’ஸைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். டிமாட்டின் குறிப்புகள் எந்தத் தேதிப் பதிவு எந்த அத்தியாயத்துக்கு உரியது என்று சொல்லிவிடும்.